பன்னிரண்டாவது மைலில் நின்ற வண்டி

12.6.1974 — ரூ. 7.00
21.6.1974 — ரூ. 38.50
4.7.1974 — ரூ. 14.25
16.7.1974 — ரூ. 22.00
30.7.1974 — ரூ. 35.00
9.8.1974 — ரூ. 3.50
23.8.1974 — ரூ. 64.75
மொத்தம் — ரூ. 185.00

இவை ஒரே காருக்காக, ஒரே கோளாறைத் தீர்க்க, எழுபத்து மூன்று நாட்களில் ஆன செலவு. காரை ஓட்டிய வேதமணிக்கு அப்போது மாதச் சம்பளம் நூற்று எழுபத்தைந்து ரூபாய். அதைவிடப் பத்து ரூபாய் கூடுதலாகச் செலவழித்த பிறகும் கார் நடுவழியில் நின்றது. வேதமணியைப் பற்றி எழுதுவதற்காகத்தான் இந்த வரிகளைப் பழைய நோட்டிலிருந்து எடுத்தேன்.

அவர் எப்போதும்வென்றான் என்ற ஊரில் 14.2.1935 அன்று பிறந்தார். இந்தத் தேதியில் சந்தேகம் இல்லை; ஞானஸ்நானப் பதிவின் நகலை நானே பார்த்திருக்கிறேன். தகப்பனார் ஆசீர்வாதம் பருத்திப் பொதி ஏற்றும் மாட்டுவண்டி வைத்திருந்தார். வேதமணி எட்டாம் வகுப்பு முடித்ததும் பருத்தி லாரி ஒன்றில் கிளீனராகப் போனார். 1959இல் லைசென்ஸ் எடுத்தார். 1966 ஏப்ரல் மாதம் கோவில்பட்டியில் நான் கணக்கெழுதிய தீப்பெட்டி ஆபீஸில் கார் டிரைவராகச் சேர்ந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

நெடுநெடுவென்று இருப்பார். காக்கிச் சட்டை இரண்டு. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. கார்புரேட்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்னக் குழலான ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி ஊதி, அவர் உதட்டில் எப்போதும் பெட்ரோல் வாடை இருக்கும். "இந்த வாயோட ஆபீஸுக்குள்ள நின்னு சிரிக்காதீங்க, பத்திக்கிடும்" என்று அவர் மனைவி கிருபா சொல்வாளாம். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். 1974 ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் அதைச் சொல்லி நான் கேட்கவில்லை.

கார் பழைய அம்பாசிடர். முதலாளி காசிராஜன் அதை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். 1974 தொடக்கத்தில் பெட்ரோல் விலை ஏறியதும் முதலாளி இரண்டு ஏற்பாடுகள் செய்தார். பெட்ரோல் டாங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. பூட்டின் சாவி என்னிடம் வந்தது. பங்கில் பெட்ரோல் போடும்போது நான் கூடப் போய்த் திறந்துவிட வேண்டும். வெளியூருக்கு நான் காரில் போனால் பத்து மைலுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கோடு போட்ட அளவுக்குச்சியை டாங்க்குக்குள் விட்டு, எத்தனை லிட்டர் மீதி என்று எழுத வேண்டும். பத்து மைல் என்பதை முதலாளி சொல்லவில்லை. அந்தக் கணக்கு நானாக வைத்துக்கொண்டது.

ஜூன் 12ஆம் தேதி கார் முதன்முதலாக நின்றது. வேதமணி தனியாகத் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தார். எட்டயபுரம் தாண்டி, கோவில்பட்டியிலிருந்து பன்னிரண்டாவது மைலில், இருபுறமும் உழுது போட்ட கரிசல். ஒதுங்க ஒரு மரம் இல்லை. என்ஜின் இரண்டு தடவை இருமியது, பிறகு அடங்கிவிட்டது. அவர் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிற்க வேண்டிய கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஜெட்டைக் கழற்றி ஊதினார். மாட்டி முடித்து, சோக்கை இழுத்து, அரை மணி நேரம் போராடிய பிறகு ஸ்டார்ட் ஆனது. கரிசல் தூசி ஜெட்டில் அடைத்துவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

மெக்கானிக் சண்முகராஜ், பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்கிற சவ்வு போய்விட்டது என்றார். அதை மாற்றினார், கார் நின்றது. குழாயில் காற்று இழுக்கிறது என்று புதுக் குழாய் போட்டார், நின்றது. பிறகு வெயில்தான் காரணம், பம்பு சூடேறிப் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது என்று சொல்லி, பம்பின் மேல் ஈரச்சாக்கு சுற்றிவைக்கச் சொன்னார். வேதமணி சாக்கு சுற்றினார். அன்றைக்கும் நின்றது. ஒவ்வொரு முறையும் யாராவது எதையாவது கழற்றி மாட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். உடனே வண்டி கிளம்பிவிடும். அதனால் அவரவர் செய்த வைத்தியம்தான் பலித்தது என்று அவரவர் நம்பினார்கள்.

ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் காரில் இருந்தால் அது நிற்பதில்லை.

பெட்டி அடுக்கும் சொர்ணத்தாய் வாய்த்துடுக்குக்காரி. வேதமணி காரைத் துடைக்கும்போது ஷெட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

"வேதமணியண்ணே, கணக்கப்பிள்ளை போட்டோ ஒண்ணு வாங்கி முன்னால மாட்டிக்கிடுங்க. வண்டி பாட்டுக்கு ஓடும்."

"நான் வேதக்காரன். படம் வச்சுக் கும்பிட மாட்டேன்."

"அப்ப அவியளயே கட்டித் தூக்கி டிக்கியில போட்டுக்கிடுங்க."

ஷெட்டே சிரிக்கும். வேதமணியும் கொஞ்ச நாள் சிரித்தார்.

ஆகஸ்டில் அரசு பஸ்ஸுக்கு டிரைவர்கள் எடுத்தார்கள். வேதமணிக்கு மூன்று பெண் பிள்ளைகள். முதலாளி காரை விற்றால் அன்றோடு அவர் வேலையும் போகும். மனுப் போட்டார். 27.8.1974 அன்று திருநெல்வேலியில் பஸ் ஓட்டிக் காட்டித் தேர்வானார். வந்த தாளில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இப்போதைய முதலாளியிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் 20.9.1974க்குள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வேலையில் சேரும் நாளில் நாற்பது வயது நிறைந்திருக்கக் கூடாது. அவருக்கு 14.2.1975 அன்று நாற்பது நிறைகிறது. அடுத்த முறை எடுக்கும்போது அவர் மனுவே போட முடியாது.

முதலாளியிடம் சான்றிதழ் கேட்டபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கப்பிள்ள, வண்டி நின்ன கணக்கு பூராத்தையும் ஒரு தாளுல எழுதிக் கொண்டாரும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

செப்டம்பர் 10ஆம் தேதி அட்டவணை எழுதினேன். எனக்கு அது பிடித்த வேலை. கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். ஜூன் 12 முதல் பத்து மைலுக்கு மேற்பட்ட பயணம் முப்பத்து மூன்று; எதிலும் முதலாளி இல்லை. நான் கூடப் போனது பத்தொன்பது. அவற்றில் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வேதமணி மட்டும் ஓட்டிப் போனது பதினான்கு, பதினொன்றில் நின்றது. டாங்க் நிறைய இருந்த நாட்களில் பதினோரு மைலுக்கும் பதின்மூன்று மைலுக்கும் நடுவில் நின்றது. முக்கால் டாங்க் இருந்தபோது முப்பது மைலுக்கு மேல். அரை டாங்க்குக்குக் கீழே இருந்த மூன்று நாட்கள் நிற்கவில்லை. நின்ற பதினொரு நாளும், ஓடிய மைலுக்கு ஆக வேண்டியதைவிடப் பெட்ரோல் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைந்திருந்தது.

ஒரு எண்கூடத் தப்பில்லை.

முதலாளி அதை வாசித்தார். பிறகு தாளோடு எழுந்து பெட்டி அடுக்கும் ஷெட்டுக்கே போனார். வேதமணி அங்கே சரக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏலே, கணக்கப்பிள்ளை கூட வந்தா வண்டி நிக்காது. நீ தனியாப் போனா நிக்கும். டாங்க் நெறய இருந்தா நிக்கும், கொறச்சலா இருந்தா நிக்காது. என்னலே கணக்கு இது?"

"தெரியல முதலாளி."

"எனக்குத் தெரியுது. நெறய இருந்தாத்தான எடுத்தது தெரியாது? மூடியில பூட்டுப் போட்டா நீ குழாயக் கழத்தி எடுக்குத."

"கழத்துதப்ப சிந்துது முதலாளி. சோக்கு இழுத்து இழுத்துக் குடிக்கி."

"பெட்ரோல் திருடனுக்கு நன்னடத்தைன்னு எழுதி நான் கவர்மெண்டுக்குக் கொடுக்கவா?"

அறுபது பேர் கேட்டார்கள். சொர்ணத்தாய் குனிந்து பெட்டி அடுக்கினாள். வேதமணி கையிலிருந்த பெட்டியை மெதுவாக இறக்கிவைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்குக் கிருபா என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணாச்சி, அவிய ராத்திரி சாப்பிடல. நீங்க எழுதுனத வச்சுத்தான் சொல்லுதாகளாம்."

"நான் பொய் எழுதல தாயி. உள்ளதத்தான் எழுதுனேன்."

"பொய்னு சொல்லல. வண்டி நின்ன எடத்துல அவிய இருந்தாவ. நீங்க இல்ல. இல்லாத எடத்தப் பத்தி எப்படி அண்ணாச்சி எழுதுனீங்க?"

அவள் போன பிறகு நோட்டை எடுத்து அட்டவணையைத் திரும்பவும் சரிபார்த்தேன். எண்கள் அப்படியேதான் இருந்தன. 1943 முதல் கணக்கெழுதுகிறேன். சரியாக இருக்கிற கணக்கை நான் மூன்றாவது தடவை சரிபார்த்தது அன்றுதான். இருபதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. வண்டி நிற்கும் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் இருந்தால் அது நிற்காதே. இதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

வழி தானாக வந்தது. செப்டம்பர் 18, புதன்கிழமை, முதலாளி தூத்துக்குடியில் பதினொரு மணிக்கு வக்கீலைப் பார்க்க வேண்டும். பத்திரங்களோடு என்னையும் வரச் சொன்னார். முதல் நாள் மாலை பங்கில் டாங்க்கை நிரப்பி மூடியைப் பூட்டினேன். காலையில் காரில் ஏறும்போது அளவுக்குச்சியை எடுத்தேன்.

"அதை வையும் வேய். நான் வண்டியில இருக்கும்போது எவன் திருடப் போறான்? வழியில எங்கயும் நிப்பாட்டக் கூடாது. நேரம் இல்ல."

குச்சியைக் காலடியில் வைத்தேன். எட்டயபுரம் வந்தது. பத்து மைல் ஆகப்போகிறது. எனக்குக் கை அரித்தது. வழக்கமாக வண்டியை ஓரம்கட்டச் சொல்லும் புளியமரத்தைத் தாண்டிப் போனோம். வேதமணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினோரு மைல் தாண்டியதும் என்ஜின் இருமியது.

"என்னலே?"

வேதமணி கியரை இறக்கினார். ஆக்சிலரேட்டரை மிதித்து, விட்டு, மிதித்துப் பார்த்தார். கார் தள்ளாடிப் போய்ப் பன்னிரண்டாவது மைலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரத்தில் நின்றது. காற்று கரிசல் மண்ணை வாரிக் கண்ணாடியில் அடித்தது. மணி ஒன்பது ஐம்பது.

முதலாளி இறங்கினார். நானும் இறங்கினேன். என் வாழ்நாளில் ஒரு கார் நின்றுபோனதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. வேதமணியைப் பார்த்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். நின்றது மட்டும் போதாது. ஏன் நின்றது என்று இந்த இடத்திலேயே காட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் வண்டி தானாகக் கிளம்பிவிட்டால், இன்றைக்கு ஏதோ தற்செயல் என்று முதலாளி சொல்லிவிடுவார்.

"அண்ணாச்சி, உள்ள உக்காந்து செல்ஃப் போடுங்க" என்றார் வேதமணி. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு டம்ளரில் பிடித்தார். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது. டம்ளரில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு வெறும் காற்று.

"பம்பு தள்ளல" என்றார் முதலாளி.

"பம்புக்குப் புது டயாப்ரம் முதலாளி. நல்லாத் தள்ளும். தள்ளுததுக்கு அதுக்குள்ள ஒண்ணும் வரல."

இதுவரை வழியில் நின்றபோதெல்லாம் அவர் ஜெட்டைத்தான் பார்த்திருக்கிறார். அதுதான் அவர் செய்த பிழை. ஈரச்சாக்குக்கு அடியில் இருந்த மற்ற நட்டை, டாங்க்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் நட்டை, அவர் ரோட்டில் தொட்டதே இல்லை. இப்போது சாக்கைக் கிழித்து எறிந்துவிட்டு அதைக் கழற்றினார். குழாயில் அடைப்பு இருந்தால் உறிஞ்சி எடுக்கலாம் என்று குனிந்து வாயை வைத்தார். வைத்த வேகத்தில் துள்ளி நிமிர்ந்தார். நுனிநாக்கைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"என்னலே, சுட்டுட்டா?"

"இல்ல முதலாளி. நாக்கப் பிடிச்சு இழுக்குது."

"எது?"

"டாங்க்கு. நான் அத உறிஞ்சப் போனேன், அது என்னய உறிஞ்சுது."

முதலாளி அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்பதுபோல் பார்த்தார். வேதமணி குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். "நீங்களே வச்சுப் பாருங்க" என்றார். முதலாளி விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, மூடியத் தெறங்க" என்று வேதமணி கத்தினார். என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பூட்டைத் திறந்து மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று நீண்ட சத்தத்தோடு காற்று உள்ளே போனது. முன்பக்கம் முதலாளி, "விட்டுட்டு, விரல விட்டுட்டு" என்றார்; பிடி விட்டிருந்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு பத்தாவது மைலிலும் மூடியைத் திறக்கும்போது கேட்டிருக்கிறேன். பெட்ரோல் டாங்க் என்றால் அப்படித்தான் சத்தம் போடும்போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என் நோட்டில் தேதி, மைல், லிட்டர் மூன்றுக்கும் பத்தி இருந்தது. சத்தத்துக்குப் பத்தி இல்லை.

வேதமணி மூடியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில், ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், ஈயம் வைத்து அடைத்திருந்தது.

பிறகு அவர் சொன்னதை எங்கள் இருவருக்கும் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. டாங்க்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வரும் வழி அந்தச் சின்ன ஓட்டை. அது அடைபட்டதும் டாங்க் மூச்சு முட்டிப் பெட்ரோலை உள்ளேயே இழுத்துப் பிடிக்கிறது. டாங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், சீக்கிரம் முட்டும். பாதி காலியாக இருந்தால் நிறையக் காற்று இருக்கும்; வெகுதூரம் ஓடும். அரை மணி நேரம் விட்டால் மூடி ஓரமாகக் காற்று கசிந்து போய்ச் சரியாகிவிடும். நான் கூடப் போன நாட்களில் பத்து மைலுக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, தெரியாமலே வைத்தியம் பார்த்திருக்கிறேன். வேதமணி தனியாகப் போன நாட்களில் சாவி என் இடுப்பில் இருந்தது.

மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டு கிளம்பினோம். எப்போதும்வென்றான் தாண்டியது, தூத்துக்குடி வந்தது. கார் ஒரு தடவைகூட இருமவில்லை.

அன்று மாலை, ஆபீஸில் ஈயம் பற்றவைக்கும் ஃபோர்மேன் சங்கரபாண்டியனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மறைக்கவில்லை.

"நாந்தான் அடைச்சேன். மே மாசக் கடைசியில பக்கத்து ஆபீஸ்ல குச்சி காயப்போட்ட ஷெட்டு எரிஞ்சுதுல்லா? மறுநாள் நம்ம காரு வெயில்ல நிக்கி, மூடி ஓட்டை வழியா கும்முனு பெட்ரோல் வாடை. நாலடி தள்ளி மருந்துக் குச்சி காயுது. முதலாளிட்ட சொன்னேன். 'அடைச்சிரும்'னாவ. அவிய வச்சிருந்த மாத்துச் சாவிய வாங்கி, மூடியக் கழத்திக் கொண்டு போயி ஈயத்த உருக்கி வச்சேன். தீப்பெட்டி ஆபீஸுக்குள்ள அந்த வாடை வரலாமாய்யா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருப்போடு பிழைக்கிறவர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்? ஈயம் ஆபீஸிலேயே கிடந்தது, கூலி கொடுக்கவில்லை, செலவுச் சீட்டு இல்லை. அதனால் என் நோட்டில் ஏறவும் இல்லை. முதலாளி மட்டும், தான் 'அடைச்சிரும்' என்று சொன்னது நினைவில்லை என்றார்.

வேதமணி ஒரு ஊசியைச் சூடாக்கி ஈயத்தைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுனதெல்லாம் சரிதான்" என்றார் நிமிராமல். "என்னயத்தான் தப்பாக் கூட்டிட்டீங்க."

இருபதாம் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. இனி சான்றிதழுக்குத் தடை இல்லை என்று நினைத்தேன். பத்தொன்பதாம் தேதி காலையில் வாசகத்தை நானே எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். மத்தியானம் அது அப்படியே இருந்தது. மாலையில் கேட்டேன்.

"என்ன அவசரம் வேய்? இம்புட்டு நாணயமான டிரைவர விட்டுட்டு நான் யாரத் தேடிப் போக? சம்பளம் இருபத்தஞ்சு ரூபா கூட்டிக் கொடுத்திருவோம். இங்கயே இருக்கட்டும்."

வேதமணியிடம் சொன்னேன். அவர் சிரித்ததுபோல் இருந்தது.

"திருடன்னு நெனச்சப்ப எழுத மாட்டேன்னாரு. திருடன் இல்லன்னு தெரிஞ்ச பொறவும் எழுத மாட்டேங்காரு. நான் என்னவாத்தான் அண்ணாச்சி இருக்கணும்?"

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை. பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி என்று மூன்று தடவை முதலாளி முன்னால் போய் நின்றேன். மூன்றாம் தடவை அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். ஐந்து மணி அடித்தபோது வேதமணி கார் ஷெட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து முகத்தைக் கழுவினார்.

ஆறரை மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் வீட்டுக்கு நடந்தேன். அழைக்காமல் அந்த வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. முதலாளி மறுபடியும் இருபத்தைந்து ரூபாய் என்று ஆரம்பித்தார். உள்ளே இருந்து அவர் மனைவி ஜானகியம்மாள் வந்து கதவருகே நின்றார்.

"அறுபது பேருக்கு முன்னால திருடன்னு சொன்னீங்க. அப்ப வாய் வலிக்கல. இல்லன்னு ஒரு காயிதத்துல எழுத இப்பக் கை வலிக்கோ?"

முதலாளி பேனாவைத் தேடினார். என் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்தான நேரம் ஏழு பத்து.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானே போனேன். அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்து பத்தேகாலுக்குக் கொடுத்தேன். குமாஸ்தா முத்திரையைத் தூக்கியபோது, "நேத்துத் தேதி போட முடியுமா?" என்று என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் போட்டிருக்க மாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் போட்டிருக்க மாட்டேன். 21.9.1974 என்று விழுந்தது.

அக்டோபர் 9ஆம் தேதி முதல் கடிதம் வந்தது. மெல்லிய உறை. சான்றிதழ் தவணை கடந்து வந்ததால் பரிசீலிக்க இயலவில்லை என்று இரண்டே வரி. வேதமணி அதை வாசித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முதலாளியை ஏற்றிக் கழுகுமலைக்குப் போய்விட்டார்.

நான் மனு எழுதினேன். மூன்று நாள் ஆனது. தாமதம் வேதமணியால் நேர்ந்ததல்ல என்று எழுதுவது எளிது. யாரால் நேர்ந்தது என்று எழுத வேண்டியிருந்தது. நோட்டிலிருந்து அந்தப் பதினொரு பயணங்களையும், செப்டம்பர் 18ஆம் தேதி நடந்ததையும் நகல் எடுத்தேன். 'மேற்படி அட்டவணையை எழுதியவன் நான். அதிலுள்ள எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து மேற்படி வேதமணி குற்றவாளி என்று முதலாளி கருத இடம் கொடுத்தது என் தவறு. டாங்க்கின் சாவி என்னிடம் இருந்தது என்பதை நான் அட்டவணையில் குறிப்பிடவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் தவறு என்ற சொல்லை ஒரு தாளில் எழுதியது, கணக்கெழுதிய முப்பத்தொரு வருடத்தில் அதுவே முதல் தடவை. பதினொரு பக்கம். அக்டோபர் 12ஆம் தேதி ரிஜிஸ்டர் தபாலில் போனது.

பிறகு பதில் இல்லை. வேதமணி தினமும் மேஜைக்கு வருவார். "வந்துச்சா அண்ணாச்சி?" நவம்பரில் கேட்பதை நிறுத்திவிட்டார், தபால் தட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். டிசம்பர் 2ஆம் தேதி இரண்டாவது கடிதம்: மனு மேலதிகாரியின் பார்வையில் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். ஜனவரி போனது. நாற்பது நிறைய இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலையில் எண்ணுவேன். அவரும் எண்ணுகிறார் என்று தெரியும். பதினான்கு நாள், பத்து நாள், ஏழு நாள், நான்கு நாள். மூன்று நாள் இருந்தபோது, காலைத் தபாலில் ஓர் உறை வந்தது. இதுவும் மெல்லியது.

அவர் பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரிக்க முடியாது. அவர் காலையிலேயே முதலாளியோடு சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தார். உறையை மேஜையில் வைத்தேன், இழுப்பறைக்குள் வைத்தேன், மறுபடி மேஜைக்கு எடுத்தேன். கூலிக் கணக்கு ஒன்றை அன்று மூன்று தடவை கூட்டி மூன்று விடை வந்தது. மூன்று நாற்பதுக்குக் கார் வந்தது. சத்தம் கேட்டதும் வெளியே போய் நின்றேன்.

என் கையைப் பார்த்ததும் அவர் என்ஜினை நிறுத்தினார். இறங்கி, துணியில் கையைத் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார். உறையின் ஓரத்தை நிதானமாகக் கிழித்து வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்க வாசிங்க அண்ணாச்சி. நான் வாசிச்சது சரியான்னு பாக்கணும்."

சத்தமாக வாசித்தேன். தற்காலிக டிரைவராக நியமனம். தென்காசி டெப்போ. அசல் சான்றுகளோடு 13.2.1975 காலை பத்து மணிக்குள் வர வேண்டும்.

காருக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னலே அது?"

"நாளைக்கு வேற டிரைவர் பாத்துக்கிடுங்க முதலாளி" என்றார் வேதமணி. பூட்டிய மூடியின் சாவி அன்றைக்கு அவரிடம் இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். ஷெட்டுக்குள்ளிருந்து சொர்ணத்தாய், "என்னண்ணே, வந்துட்டா?" என்று கத்தினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினார்.

தபால் வரவு நோட்டில் அது அந்த மாதத்தின் பதினேழாவது வரி. வந்த தேதி 11.2.1975, செவ்வாய்க்கிழமை.